வாஷிங் மெஷின் முன்னால் தண்ணீர் தேங்குகிறது: கதவு ரப்பரை மாற்றத்தான் வேண்டுமா? (கேத்தி)

கேத்திக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் கேத்தியில் எங்கள் வீட்டில் ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின் இருக்கிறது. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இந்த மழை தொடங்கியதிலிருந்து மெஷினுக்கு முன்னால் தரையில் தண்ணீர் நிற்கிறது. சில நாள் கால் பாதம் நனையும் அளவு, சில நாள் ஒன்றுமே இல்லை. பழைய வீடு, பலகைத் தரை. தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிப் பலகையை உளுக்க வைத்துவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

வந்து பார்த்த ஒருவர் கதவு ரப்பர் போய்விட்டது, மூவாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார். நான் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். கிழிசல் எதுவும் படவில்லை. கம்பெனி ஆள் கோவையிலிருந்து மலை ஏறி வர வேண்டும், எப்போது வருவார் என்று சொல்ல மறுக்கிறார்கள். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பழக்கம் உண்டு. நானே பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

அருவங்காடு ஓய்வூதியர்:
ஃப்ரண்ட் லோடு மெஷினில் முன்பக்கம் தண்ணீர் வந்தால் அது கேஸ்கெட்தான், அதாவது கதவு ரப்பர். நம் ஊர் ஈரத்தில் ரப்பர் கறுத்து, பூஞ்சை பிடித்து, நாளாக நாளாக இளகிவிடும். மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

குன்னூர் மெக்கானிக்:
தம்பி, எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது? எங்கே தேங்குகிறது என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் தண்ணீர் மெஷினின் அடித்தட்டில் ஓடி, தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வெளியே வரும். பின்னால் ஒழுகினாலும் முன்னால்தான் தெரியும். நம் மலையில் எந்த வீட்டுத் தரை நேராக இருக்கிறது?

மெஷின் தண்ணீர் ஏற்றும்போதே ஈரம் தெரிந்தால் இன்லெட் ஹோஸின் இரண்டு முனைகள், அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர், மேலே வால்வு, சோப்புத் தட்டின் அறை, இவற்றில் ஒன்று. டிரம் சுழன்று துவைக்கும்போது மட்டும் வந்தால் கேஸ்கெட், அல்லது நுரை, அல்லது டப்பிலிருந்து (டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித்தொட்டி) பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய். தண்ணீரை வெளியே தள்ளும்போது வந்தால் பம்ப், அதன் முன்னால் இருக்கும் ஃபில்டர் மூடி, வெளியேற்றும் பைப். ஸ்பின் ஓடும்போது பின்பக்கம் ஒழுகி, கூடவே கரகரவென்று சத்தமும் இருந்தால் டப்பின் ஆயில் சீல் தேய்ந்து தண்ணீர் பேரிங்கில் இறங்குகிறது. பின்பக்கம் பழுப்பு நிறத்தில் துருக்கோடு வடிந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். டப் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டிய வேலை அது. சில மெஷின்களில் டப்பை இரண்டு பாதியாக ஒட்டியே செய்திருப்பார்கள், பிரிக்கவே முடியாது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தரையை நன்றாகத் துடைத்து, மெஷினைச் சுற்றியும் அடியில் கை போகும் வரையிலும் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். துணி போடாமல் ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். தாளில் முதல் ஈரம் எந்த மூலையில், எந்தக் கட்டத்தில் வருகிறது என்று எழுதி வையுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. மெஷினுக்குள் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி வெளியே வைத்துவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. நம் பக்கம் பழைய வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும் வீடுகள் நிறைய உண்டு, ஸ்விட்ச் அணைந்திருந்தும் உள்ளே மின்சாரம் இருக்கும். ஈரத்தரையில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் மெஷினைச் சரிசெய்வதற்கு முன் அதைப் போடுங்கள்.

கொடை மழை:
நுரையைப் பற்றி மெக்கானிக் ஐயா ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது மலையில் இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம் என்பதால் விரிவாக எழுதுகிறேன். நான் இருப்பது கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலை. எங்கள் சோலை ஓடைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கீழே வத்தலக்குண்டிலோ பழனியிலோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் துவைப்பவர்களுக்குத் தேவைப்படும் பவுடரின் பாதி கூட இங்கே வேண்டாம். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவைக் கடினத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அதை அப்படியே போட்டால் டிரம் நிறைய நுரை எழும்பி, சோப்புத் தட்டின் இடுக்கு வழியாக வெளியே வரும். வந்தவுடன் நுரை அடங்கித் தண்ணீராகிவிடுவதால் பார்ப்பவர்களுக்குக் கசிவாகவே தெரியும். கையால் துவைக்கும் பவுடரையோ டாப் லோடு பவுடரையோ போட்டால் கேட்கவே வேண்டாம்.

இதே காரணத்தால் உப்புப்படிவை நீக்கும் பவுடருக்கு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓடைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் வரும் வீடுகளில் உப்புப் படிவதே அரிது.

மஞ்சூர் தோட்டம்:
எலியை யாரும் சொல்லவில்லையே! எங்கள் லைன் வீடுகளில் கசிவு என்றால் முதலில் நான் பார்ப்பது வெளியேற்றும் பைப்பைத்தான். குளிர் காலத்தில் மெஷின் மோட்டாரின் கதகதப்புக்கு எலி அடியில் வந்து ஒண்டிக்கொள்ளும். பைப்பைச் சுரண்டும், வயரையும் விடாது. தண்ணீர் வெளியே தள்ளப்படும்போது மட்டும் ஒழுகினால் பைப்பை வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள், பல் பட்ட இடம் தெரியும். அதில் டேப் சுற்றுவதும் எம்சீல் வைப்பதும் ஒரு வாரம் கூடத் தாங்காது, பைப் அதிர்ந்துகொண்டே இருப்பதால் பெயர்ந்து வந்துவிடும். புதுப் பைப் விலை குறைவுதான். மாற்றிவிட்டு, அடிப்பக்கத் திறப்பில் எலி வலை அடித்துவிடுங்கள். காற்றுப் போக இடம் இருக்கட்டும்.

கேத்திக்காரன்:
செய்தித்தாள் பரப்பி ஒரு முழுச் சுற்று ஓடவிட்டேன். தண்ணீர் ஏற்றியது, துவைத்தது, வெளியே தள்ளியது, ஸ்பின் ஆனது. ஒரு சொட்டு ஈரம் இல்லை! துணி போட்டும் ஓட்டினேன். அப்போதும் தாள் காய்ந்தே இருந்தது. சோப்பும் குறைவாகத்தான் போடுகிறோம்.

தாளை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். இன்று காலை எழுந்து பார்த்தால் முன்பக்கத் தாள் முழுவதும் ஊறிக் கிடக்கிறது. இரவு முழுக்க மெஷின் ஓடவே இல்லை. இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கையும் பிடுங்கி வைத்திருந்தேன். நாங்கள் காலையில் துவைப்பதால் இதுவரை துவைக்கும்போது ஒழுகியது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

குன்னூர் மெக்கானிக்:
அருமை. இந்த ஒரு தகவலுக்காகத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். இரண்டு கேள்விகள். மெஷினுக்கு வரும் குழாயை இரவில் மூடுகிறீர்களா? மெஷின் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் உண்டா?

கேத்திக்காரன்:
குழாய் எப்போதும் திறந்தேதான் இருக்கிறது, மெஷினுக்குப் பின்னால் இருப்பதால் கை எட்டாது. கதவு திறந்திருக்கும். மூடினால் இந்த ஈரத்தில் உள்ளே நாற்றம் வந்துவிடுகிறது.

அருவங்காடு ஓய்வூதியர்:
எனக்கு இன்னும் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம். துவைத்த தண்ணீர் ரப்பர் மடிப்பில் தேங்கி, இரவில் மெல்ல வடியலாம் அல்லவா?

குன்னூர் மெக்கானிக்:
ஐயா, நீங்கள் சொல்வது நடக்கக் கூடியதுதான், ஆனால் மடிப்பில் தங்கும் தண்ணீர் அரை டம்ளர் இருக்கும். தாள் முழுவதும் ஊறாது. கேஸ்கெட்டில் ஓட்டை இருந்திருந்தால் டிரம் சுழன்று தண்ணீரை அடிக்கும்போது ஒழுகாமல் இருந்திருக்காது. நேற்று இரண்டு சுற்று ஓடியும் தாள் காய்ந்திருந்தது. அந்த ரப்பர் நன்றாகவே இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். நல்ல ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி மூவாயிரம் வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, எங்கள் தொழிலுக்கே அது கெட்ட பெயர்.

தம்பி, என் கணிப்பு இது. மெஷினின் மேல் பின்பக்கம், இன்லெட் ஹோஸ் மாட்டும் இடத்தில் சோலினாய்டு வால்வு இருக்கிறது. அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு. அந்தச் சவ்வில் ஊசிமுனை அளவு துளை உண்டு. அதன் வழியே தண்ணீர் சவ்வின் மறுபக்கம் போய், குழாயின் அழுத்தமே சவ்வை அமுக்கி மூடி வைக்கும். மின்சாரம் வந்தால்தான் திறக்கும். மழைக்காலத்தில் வரும் மண், மணல் துகள் சவ்வுக்கு அடியில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. நூல் போலத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

நிமிடத்துக்கு 50 மில்லி என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3 லிட்டர். இரவு பத்து மணி நேரத்தில் 30 லிட்டர். கதவு மூடியிருந்தால் டப்பிலேயே நிற்கும். திறந்திருந்தால் கேஸ்கெட்டின் கீழ் உதட்டைத் தாண்டி முன்பக்கம் வழியும். வெளியேற்றும் பைப்பின் முனை கதவின் அடிவிளிம்பைவிட உயரத்தில் இருப்பதால் அந்த வழியாகவும் தண்ணீர் போகாது. மின்சாரம் இருந்தால் சில மெஷின்கள் தண்ணீர் மட்டம் கூடியதை அறிந்து தாமாகவே பம்பை ஓட்டும். நீங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டதால் அதுவும் நடக்கவில்லை.

சோதித்துப் பாருங்கள். பிளக் வெளியே, குழாய் திறந்தபடி. சோப்புத் தட்டை முழுவதுமாக இழுத்து எடுத்துவிட்டு அந்த அறைக்குள் டார்ச் அடியுங்கள். மேலிருந்து சொட்டினால் வால்வுதான் காரணம். பிளக் இல்லாத மெஷினில் தண்ணீர் ஏறுகிறது என்றால் போர்டு மேலும் சென்சார் மேலும் பழி போட வழியே இல்லை. பிளக் மாட்டியிருக்கும்போது மட்டும் ஏறினால் கதை வேறு.

பந்தலூர் அக்கா:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது செமி ஆட்டோமேட்டிக். துவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிற்பதில்லை, பைப் வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்பின் பக்கம் அடியிலும் சொட்டுகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

குன்னூர் மெக்கானிக்:
இரண்டும் வேறு வேறு, அக்கா. முதலாவதை நீங்களே சரிசெய்யலாம். தொட்டியின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் கீழே ஸ்பிரிங் வைத்த ரப்பர் அடைப்பான் இருக்கும். நூல், தலைமுடி, சட்டைப் பொத்தான் ஏதாவது அதன் அடியில் மாட்டியிருக்கும். எடுத்துக் கழுவி மாட்டுங்கள். ரப்பர் விளிம்பு பிய்ந்திருந்தால் மட்டும் புதிது.

ஸ்பின் பக்கத்தை அப்படி விடாதீர்கள். சுழலும் தண்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும். அது கிழிந்தால் தண்ணீர் நேராகக் கீழே இருக்கும் மோட்டார் மேல் விழும். மாற்றும் வரை ஸ்பின்னைப் பயன்படுத்த வேண்டாம், ஷாக் அடிக்கும் அபாயம் இருக்கிறது. தண்டின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதால் அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

தலைக்குந்தா:
வீடு மாற்றி வந்தவர்களுக்காக ஒரு செய்தி. எங்கள் மெஷின் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக வந்தது. 36 கொண்டை ஊசி வளைவுகள். டிரம்மைப் பூட்டி வைக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாமல் ஏற்றியதால் டிரம் ஆடி ஆடி, பம்புக்குப் போகும் குழாயின் கிளிப் நழுவிவிட்டது. இங்கே வந்து முதல் முறை ஓட்டியதும் சமையலறை முழுக்கத் தண்ணீர். மெஷின் வாங்கும்போது கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

கேத்திக்காரன்:
குன்னூர் அண்ணா சொன்னபடியே! டார்ச் அடித்தால் சோப்பு அறையின் மேற்புறத்திலிருந்து மெல்லிய நூலாகத் தண்ணீர் இறங்குகிறது. மெஷினை முன்னால் நகர்த்திக் குழாயை மூடியதும் நின்றுவிட்டது. இரவு குழாயை மூடி, கதவைத் திறந்தே வைத்தேன். காலையில் தரை காய்ந்திருந்தது. மறுநாள் இரவு குழாயைத் திறந்து வைத்ததும் மறுபடியும் ஈரம்.

ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் இருக்கும் சல்லடையைக் கட்டிங் பிளேயரால் மெதுவாக இழுத்தேன். செம்மண்ணும் பாசியும் அடைத்திருந்தன, சல்லடை ஓர் ஓரத்தில் கிழிந்தும் இருக்கிறது. கழுவி மாட்டிய பிறகும் நூல் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும்போது சுவருக்குள் 'டம்' என்று ஒரு சத்தம் வரும். எங்கள் ஊர்த் தொட்டி மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து நேராக வீட்டுக் குழாய்க்கு வருகிறது, நடுவில் தொட்டி எதுவும் இல்லை.

குன்னூர் மெக்கானிக்:
அந்தச் சத்தமே சொல்லிவிட்டது, உங்கள் குழாயில் அழுத்தம் அதிகம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். சமவெளியில் மாடித் தொட்டியிலிருந்து ஒரு பார் கிடைப்பதே அதிகம். நம் சரிவுகளில் தொட்டி அறுபது, எழுபது மீட்டர் மேலே இருக்கும். பகலில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருப்பதால் தெரியாது. இரவில் எல்லோரும் மூடியதும் முழு அழுத்தமும் உங்கள் வால்வில் வந்து நிற்கும். மணல் துகள் விட்ட இடுக்கு வழியாக இரவில்தான் அதிகம் கசியும். பல மெஷின்களின் கையேட்டில் 8 அல்லது 10 பார் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அதனால் மெஷின் மேல் குறை இல்லை. ஆனால் அந்த 'டம்' ஒவ்வொன்றும் ஹோஸ் இணைப்பை அசைத்துக்கொண்டே இருக்கிறது.

கிழிந்த சல்லடை வழியாக மண் உள்ளே போயிருப்பதால் வால்வையே மாற்றிவிடுங்கள். மேல் மூடியின் பின்பக்கம் இரண்டு ஸ்குரூ. கழற்றி, மூடியைப் பின்னால் தள்ளித் தூக்கினால் வால்வு கண்ணில் படும். வயரைப் பிடுங்குவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் வால்வின் எந்தக் காயிலுக்கு (மின்சுருளுக்கு) என்பது மாறினால் சோப்புத் தட்டின் தவறான அறையில் தண்ணீர் விழும். உள்ளே போகும் குழாய்களை வளையக் கிளிப் பிடித்திருக்கும், பிளேயரால் நெருக்கினால் விட்டுவிடும். பழைய வால்வைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வாய், வாய் நேராகவா செங்குத்தாகவா, ஸ்குரூ பிடிக்கும் தகடு எப்படி என்று ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

ஹோஸையும் மாற்றுங்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் எந்த ஹோஸையும் நான் நம்ப மாட்டேன். மாட்டும்போது கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும். அந்த முனையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அங்கே தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் வாஷர்தான். குழாய்ப் பக்கம் அடாப்டர் மரையில் மட்டும் டேப்.

கொடை மழை:
அழுத்தம்தான் சிக்கல் என்றால் கூரையில் சிறிய தொட்டி வைத்து அதிலிருந்து மெஷினுக்குக் கொடுக்கலாமே? மண்ணும் தொட்டியில் படிந்துவிடும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

குன்னூர் மெக்கானிக்:
மண் படியும் என்பது சரி. ஆனால் நம் ஓட்டு வீடுகளில் தொட்டிக்கும் மெஷினுக்கும் இரண்டு மீட்டர் உயரம் கிடைத்தால் அதிகம். அது 0.2 பார். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 வரை வேண்டும். தண்ணீர் வரவில்லை என்று மெஷின் நின்றுவிடும். அதைவிட முக்கியம், நான் மேலே சொன்னேனே, சவ்வை மூடி வைப்பதே தண்ணீரின் அழுத்தம்தான். அது மிகக் குறைந்தாலும் வால்வு சரியாக மூடாமல் கசியும். உங்கள் வீட்டில் தொட்டி போதிய உயரத்தில் இருப்பதால் ஓடுகிறது. கேத்தித் தம்பிக்கு நான் சொல்வது, கழுவக்கூடிய ஃபில்டர் ஒன்று, அதையடுத்து அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று. 2 பாரில் வைத்தால் போதும்.

அருவங்காடு ஓய்வூதியர்:
கேஸ்கெட் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குன்னூரில் கோடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, பல நாள் காய்ந்த குழாயில் முதலில் வருவது காற்றும் துருவும் சேறும்தான். அந்த முதல் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் மெஷின் குழாயைத் திறக்க வேண்டும்.

கேத்திக்காரன்:
புது வால்வு, புது ஹோஸ் மாட்டிவிட்டேன். நூல் முற்றிலும் நின்றுவிட்டது. வால்வின் விலை ரப்பருக்குச் சொன்னதில் கால் பங்கு கூட இல்லை. பிளம்பர் கொண்டுவந்த அழுத்தமானியில் பகலில் 4 பார் காட்டியது, இரவில் 7. குறைக்கும் வால்வு மாட்டிய பிறகு 'டம்' சத்தமும் போய்விட்டது. கை எட்டும் இடத்தில் பக்கவாட்டுச் சுவரில் தனிக் குழாய் வைத்துக்கொண்டோம், துவைத்து முடித்ததும் மூடிவிடுகிறோம். பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன், இரண்டு பலகையின் அடிப்புறம் மட்டும் கறுத்திருக்கிறது, மரச்சட்டம் உறுதியாக இருக்கிறது. அனைவருக்கும் நன்றி, குறிப்பாகக் குன்னூர் அண்ணாவுக்கு.

பந்தலூர் அக்கா:
எங்கள் அடைப்பானின் அடியில் பள்ளிச் சீருடைப் பொத்தான் இருந்தது. இப்போது தண்ணீர் நிற்கிறது. ஸ்பின் ரப்பருக்குக் கூடலூரில் ஆள் சொல்லியிருக்கிறேன், அதுவரை கையால் பிழிகிறோம்.

தலைக்குந்தா:
கேத்திக்காரரே, குறைக்கும் வால்வும் ஃபில்டரும் வீட்டுக்கு வெளியே இருந்தால் டிசம்பருக்குள் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். உறைபனி விழும் இரவில் ஃபில்டர் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். தாழ்வாரத்தில் மெஷின் வைத்திருப்பவர்கள் இரவில் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, பம்ப் ஃபில்டரையும் திறந்து மிச்சத் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். காலையில் உறைந்திருந்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் போதும்.

கேத்திக்காரன்:
வெளிச்சுவரில்தான் இருக்கிறது. இந்த மாதமே சமையலறைக்குள் மாற்றிவிடச் சொல்கிறேன்.